பன்னிரண்டு வருடம் குடிக்காத தண்ணீர்

பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளையின் புத்தகப்பையை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன். ரோடே சுற்றியது. ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை நிமிடத்தில் சரியாகிவிட்டது. உள்ளே ஐந்து பிள்ளைகளும் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றுக்கும் தெரியவில்லை.

எனக்கு வயது நாற்பத்தேழு. மதுரை சிம்மக்கல் ஸ்டாண்டில் பன்னிரண்டு வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். அந்த மாதம் நாலைந்து தடவை அப்படி வந்தது. எல்லாம் எழுந்திருக்கும்போதுதான். ஓட்டும்போது வந்ததில்லை, ஆனால் வந்துவிட்டால்? ஊரான் பெற்ற பிள்ளைகள். ஆட்டோ ரிப்பேர் என்று அவர்களுடைய அம்மாக்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஆட்டோ நன்றாகத்தான் இருந்தது, ரிப்பேர் எனக்குத்தான்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஸ்டாண்டில் மூத்தவரான அண்ணன், "பித்தம்தா அது. இஞ்சியத் தட்டிப் போட்டுக் குடி, ஓடிப்போயிரும்" என்றார். நாத்தனார், "ஊரு கண்ணு பூரா ஒம்மேலதான்" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். மருந்துக்கடைக்காரர் காதில் கோளாறு என்றார். பக்கத்து வீட்டு அக்காவோ, மாதாமாதம் வருவது நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்றாள். நான் வாய் திறக்காமல் பயந்துகொண்டிருந்தது வேறொன்றுக்கு. என் அம்மாவுக்கும் முதலில் தலைதான் சுற்றியது. பிறகு ஒரு பக்கம் கை கால் விழுந்து, ஆறு வருடம் படுக்கையில் கிடந்தாள்.

பயம் பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் முதலில் அம்மா கதையைத்தான் சொன்னேன். ரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், காதைப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை, ரத்தம் குறையவில்லை, காதும் நன்றாக இருந்தது. டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடியும் பார்த்தார். நின்றதும் சரசரவென்று இறங்கியிருந்தது. நான் தினமும் போடும் பிரஷர் மாத்திரையை வாங்கிப் பார்த்தார்.

"இது ஒடம்புல இருக்க நீரை வெளியேத்துற மாத்திரைம்மா. ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி குடிப்பீங்க?"

"காலைல ஒரு டம்ளரு. பெறகு வீட்டுக்குப் போயித்தான்."

"மதுரை வெயில்லயா? ஏம்மா?"

"ஒண்ணுக்குப் போக எடமில்லயே டாக்டர். ஆம்பளைக செவத்தோரமா போயிட்டு வந்துருவாக. நா எங்கிட்டுப் போக?"

பேனாவைக் கீழே வைத்தார். "தண்ணியும் குடிக்காம இந்த மாத்திரையும் போட்டா, எந்திரிக்கையில பிரஷர் எறங்கித் தல சுத்தத்தாம்மா செய்யும்." "ஒங்க அம்மாவுக்கு வந்தது இதில்ல. பயப்படாதீங்க" என்றார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அம்மாடி, இவ்வளவுதானா! மாத்திரையை மாற்றிக் கொடுத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, தான் மறுபடி பார்த்துச் சொல்லும்வரை ஆட்டோவைத் தொடக்கூடாது என்று கறாராகச் சொன்னார். நான் தொடவில்லை.

இரண்டு வாரத்தில் சுற்றல் நின்றது. டாக்டரம்மாவும் ஓட்டலாம் என்றார். முதல் நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, கையோடு கொண்டுபோன தண்ணீர் பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தேன். பத்து மணிக்கு முட்டிக்கொண்டு வந்தது. எதிரே பேப்பர் மொத்தக்கடை. கடைக்கார அக்காவுக்கு எத்தனையோ வருடமாகச் சரக்கு ஏற்றிப் போயிருக்கிறேன். ஆட்டோ ஓட்டப்போகிறேன் என்று ஊரையே எதிர்த்து நின்றவள் நான். அந்தக் கடைப் படியில் நின்றபோது எனக்கு வாய் வரவில்லை. மாத்திரையை நினைத்தேன், அம்மாவை நினைத்தேன்.

"அக்கா, உள்ள பாத்ரூம் போயிக்கிடவா?"

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். "அடி கூறுகெட்டவளே! இதக் கேக்கவா ஒனக்கு இம்புட்டு வருசம்?"

திரும்பி வந்து, அவள் கடை வாசலிலேயே நின்று, மீதித் தண்ணீரையும் குடித்தேன்.