மூன்றாவது கியரில் கேட்ட தட்டு

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை. பகல் இரண்டரை மணிக்கு ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகும் சாலையில் ஒரு லாரிகூட இல்லை.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை நம்பப் போவதில்லை. அன்று வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஆசைப்பட்டு வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து மூன்றாவது கியரில் ஊளையிட்டது. ஒரு மெக்கானிக் ஆயில் மாற்றினார். இன்னொருவர் கிளட்ச்சைக் குறை சொன்னார். தண்டலத்தில் ஒருவர், "பழைய வண்டி சார், பாடத்தான் செய்யும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் ஹேமந்தின் கல்லூரிக் கட்டணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். காரை விற்றுத்தான் கட்ட வேண்டும். வியாழனன்று பார்க்க வருவதாகச் சொன்ன ஜெகதீஷ், சத்தம் போனால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டார்.

ஒரகடத்தில் ஷெட் வைத்திருக்கும் டில்லிபாபுதான் கடைசி நம்பிக்கை.

"கியர்பாக்ஸு டிக்கிக்கு அடியில கீது சார். நா உள்ள படுத்துக்கினு காத வெச்சுக் கேக்கறேன். நீ ஓட்டு" என்றார்.

உள்ளே இருப்பவர் தட்டித் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் இதே கியரில் போ. இரண்டு என்றால் கியரை மாற்று. விடாமல் தட்டினால் நிறுத்து. மூச்சு முட்டாமலிருக்க, டிக்கி மூடியை ஒரு சாண் திறந்து கயிற்றால் கட்டிக்கொள்வார்கள்.

எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். காரின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. 'தட்' என்று மூடி விழுந்தது.

முழுதாக மூடிய சத்தம். கயிறு கட்டவில்லையா?... கேட்டிருக்க வேண்டும். இருந்த எரிச்சலில் கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது கியர். ஊளை ஆரம்பித்தது.

டொக்.

அதே கியரில் போனேன். பிறகு நான்காவதுக்கு மாற்றினேன். ஊளை நின்றது.

டொக் டொக். திரும்பவும் மூன்று. டொக்.

"யோவ், மூணாவதுன்னு எனக்கே தெரியும்யா!" என்று கத்தினேன்.

டொக்... டொக்... டொக்டொக்டொக்...

விடாமல்.

நிறுத்தச் சொல்கிறார் என்று எனக்கு உறைப்பதற்குள், வடக்குப்பட்டு போர்டு அருகே...

தட்டு சட்டென்று நின்றது.

காரை ஓரம் கட்டினேன். போன் அடித்தது. டில்லிபாபு.

"இன்னா சார், டார்ச்சு எடுத்துகினு வர்றதுக்குள்ள கெளம்பிட்ட? நா ஷெட்லயே நிக்கிறேன்."

டிக்கியைத் திறந்தேன்.

காலி.

புகை நாற்றம் முகத்தில் அடித்தது. மூடியின் உட்புறத்தில் வியர்வை ஈரத்தோடு ஒரு உள்ளங்கைத் தடம்.

பார்க்கப் பார்க்கக் காய்ந்தது.

ஷெட்டில் டில்லிபாபு டிக்கியின் விரிப்பைத் தூக்கினார். அடியில் துருப்பிடித்த ஓட்டை. அதற்கும் கீழே, விரிசல் விட்ட சைலன்சர் குழாய். "நா உள்ள படுத்திருந்தா பொணமாத்தான் சார் எறங்கிருப்பேன்" என்றார். குழாயை வெல்டிங் வைத்தார். கியர்பாக்ஸைப் பிரித்து, தேய்ந்துபோன பேரிங்கை மாற்றினார். ஊளை போய்விட்டது.

வியாழனன்று ஜெகதீஷ் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சூப்பர் சார். ஊளை சுத்தமா இல்ல. டிக்கிலதான் இன்னாமோ லூசா கீது, தேர்ட் கியர் போட்டா தட்டுது. அத்த நா பாத்துக்கறேன். அட்வான்ஸ் இப்பவே போட்டுடவா?"

ஒரு நிமிடம் என்று தள்ளிப்போய், எனக்குக் காரை விற்ற தேவராஜனைக் கூப்பிட்டேன். ஞாயிறிலிருந்து போனை எடுக்காதவர், அன்று எடுத்தார். டிக்கியில் யாராவது படுத்தார்களா என்று கேட்டேன்.



"பேச்சிராஜ்னு ஒரு மெக்கானிக் சார். தூத்துக்குடிக்காரன். சத்தம் கேக்கத்தான் படுத்தான். கயிறு கெடைக்கல, மூடிட்டோம். மூணாவது கியர்ல தட்டிக்கினே வந்தான். வடக்குப்பட்டாண்ட தட்டறது நின்னுச்சு. கண்டுபுடிச்சிட்டான்டான்னு சந்தோஷமா ஓட்டிக்கினு போனேன்..."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஜெகதீஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாங்கவில்லை. ஹேமந்துக்கு அந்தக் கல்லூரியில் இடம் போய்விட்டது. கார் டில்லிபாபு ஷெட்டில் நிற்கிறது. டிக்கி மூடியைக் கழற்றி வைத்திருக்கிறோம்.