பக்கவாட்டுத் தையல்

அடிபட்டு வரும் காரிலிருந்து சீட் உறையைக் கழற்றும் வேலை ஊசியக்காவின் தலையில்தான் விழும். பட்டறையில் மற்றவர்களுக்குத் தகடு, பெயிண்ட், கண்ணாடி என்று நின்றபடி செய்கிற வேலை. மண்டியிட்டு, முழங்கை வரைக்கும் சீட்டுக்கடியில் விட்டு, கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தடவி விடுவிக்க அவள் ஒருத்திதான். கையுறை போட்டால் கொக்கி பிடிபடாது. அதனால் வெறுங்கை.

இருபது வருஷமாக அவள் மனிதர்களை அவர்கள் உட்காரும் இடத்துக்கு அடியிலிருந்தே பார்த்துவந்தாள். கடித்துத் துப்பிய நகம், சப்பிய மிட்டாயில் ஒட்டிய முடி, காது குடைந்த பஞ்சு, எப்போதோ குழந்தை கக்கிக் காய்ந்துபோன பால். “ஆளு மேல சென்ட்டு, அடியில சாக்கடை” என்பாள். சுத்தமான சட்டை போட்டவன் சாவியை நீட்டினால் அவளுக்கு முதலில் மூக்குதான் சுருங்கும்.

அன்று வந்த கார் நாற்சந்தியில் ஒரு லாரியிடம் பக்கவாட்டில் அடி வாங்கியிருந்தது. ஓட்டியவள் பள்ளிக்கூட டீச்சராம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். கதவு உள்ளே சப்பிப்போய்க் கிடந்தது. இரண்டு நாள் வெயிலில் நின்றதில் ரத்தவாடை துருப்பிடித்த வாடையாக மாறியிருந்தது. ஊசியக்கா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே தலையை விட்டாள். ஓட்டுகிறவர் சீட்டின் ஓரம் மட்டும், யாரோ அழுக்குத் துணியைச் சுருட்டி உறைக்குள் திணித்தமாதிரி புடைத்திருந்தது.

தையலைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. அவள் தைத்த உறை. தடித்த நைலான் நூல், இரட்டை ஓட்டம். லாரி மோதியும் ஒரு தையல்கூட விடவில்லை. முதலில் அவளுக்கு வந்தது பெருமைதான். அந்தப் பெருமையை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ நாள் அவளுக்குத் தன்மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது.

காரைப் படமெடுத்துக்கொண்டிருந்த இன்சூரன்ஸ்காரர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“இது யார் தைச்சதும்மா?”

“நான்தான் சார். ஏன், பிரிஞ்சிருக்கா?”

“பிரியல. அதான் பிரச்சனை.”

அவருக்குப் பொறுமை இருந்தது. பேனா முனையால் அந்தப் புடைப்பைத் தொட்டுக் காட்டினார். “இந்த ஓரத்துக்குள்ள ஒரு பை மடிச்சு வெச்சிருக்கு. ஏர்பேக்கு முன்னாடி மட்டும்தான்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. இந்தக் கார்ல சீட்டுக்குள்ளயும் உண்டு. கதவுல அடி விழுந்த உடனே உள்ள இருக்கிற மருந்து பத்திக்கிட்டு, காத்தா மாறிப் பைய ஊதும். கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். கம்பெனிக்காரன் இந்த இடத்துல வேணும்னே லேசான தையல் போட்டிருப்பான். பை அதைக் கிழிச்சுட்டு வந்து கதவுக்கும் விலாவுக்கும் நடுவுல நிக்கணும். உங்க உறை வழி விடல. உள்ளயே சுருண்டுபோச்சு.”

“அந்த டீச்சருக்கு?”

“நாலு விலா ஒடிஞ்சிருக்கு. ஒண்ணு நுரையீரல்ல குத்தியிருக்கு. பெல்ட் போட்டிருந்தாங்க, உசுரு நின்னுச்சு. ஆமா, இந்த ஓரத்துல ஒரு சின்னத் துணிப் பட்டை இருந்திருக்குமே, ஏர்பேக்னு எழுதி?”

“இருந்துச்சு.” அவள் அந்த ஓரத்தை விரலால் தடவினாள். “வெளிய நீட்டிக்கிட்டு அசிங்கமா இருக்கும்னு, உறை போடறப்ப எல்லாருக்கும் அதை உள்ள மடக்கி விட்டுருவேன்.”

அவர் மறுபடி படமெடுக்கப் போய்விட்டார்.

அந்தக் கெட்டித் தையல்தான் அவளுடைய கைராசி என்று ஊரெல்லாம் பேர். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள், புருஷன் போன பிறகு இந்தப் பட்டறைக்கு வந்து, தடித்த தோலைக் குத்தும் மெஷினுக்குப் பழகி, கையிலே நாலு விரலில் ஊசி ஏற்றிக்கொண்டு சம்பாதித்த பேர். அவள் போட்ட உறை சுருங்காது, நழுவாது, பிரியாது. இப்போது அந்தப் பேரை நினைத்தால், அடுத்தவர் எச்சிலை மிதித்தமாதிரி இருந்தது.

முதலாளி தன் அறையில் பல்குத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குச்சியை எடுத்து முனையைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்தார்.

“லாரிக்காரன் இடிச்சதுக்கு நீ என்னத்துக்கு ஒப்பாரி வைக்கிற?”

“நாம தைச்சுக் குடுத்தவங்களுக்கு எல்லாம் போன் பண்ணிச் சொல்லணும்ணே.”

“என்னன்னு? எங்க தையல் ரொம்பக் கெட்டி, தயவுசெஞ்சு வந்து பிரிச்சுக்கோங்கன்னா? சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும்.”

“போ, போய் வேலையப் பாரு. நீயும் உன் விலாவும்.”

“சீட்டுல ஏர்பேக் இருக்கிற வண்டிக்கு இனிமே நான் தைக்க மாட்டேன். பஸ் சீட்டு இருந்தா குடுங்க.” அவர் பல்லில் சிக்கியது வந்து மேஜைமேல் விழுந்தது. அவள் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியடியில் நின்று முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள்.

முதலாளி சாப்பிடப் போகிற நேரங்களில் ஆர்டர் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவளே கூப்பிட்டாள். நாலு நாள் ஆயிற்று. ஒருவன் புது உறை சும்மா கிடைக்குமா என்றான். ஒருத்தி, “நாங்க மெதுவாத்தான் ஓட்டுவோம்” என்றாள். லாரிக்காரனும் மெதுவாக ஓட்டுவான் என்று யார் சொன்னது? இரண்டே பேர் வந்து உறையைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசியாகக் கூப்பிட்டது தம்பியை. அவன் புதுக் கார் வாங்கியபோது, ஒரு மாதம் சாப்பாட்டு வேளையை விட்டுக்கொடுத்து அவள் தைத்துப் போட்ட உறை. வெள்ளைத் தோல், ஓரமெல்லாம் அரக்குச் சிவப்பு. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “ஏக்கா, நீ குடுத்ததை நீயே பறிக்க வரியா? ஆபீஸ்ல ஒவ்வொருத்தனும் வண்டிக்குள்ள எட்டிப் பாக்குறான். கை வெச்சே, தெரியும்.”

அவளுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட இருக்கிற வீடு அது ஒன்றுதான். அந்த வீட்டுப் பத்து வயதுக்காரி, தம்பி மகள், காரில் முன் சீட்டில்தான் உட்காருவாள். பின்னால் உட்காரச் சொன்னால் அவளுக்குக் கௌரவக் குறைச்சல்.

அந்த ஞாயிறு அவள் போனபோது தம்பி சாப்பிட்டுவிட்டு சோபாவிலேயே மல்லாந்து கிடந்தான். வாய் பிளந்து, பனியன் தொப்புளுக்கு மேல் ஏறியிருந்தது. மோவாயில் குழம்பு காய்ந்திருந்தது. தம்பி மனைவி அடுக்களையில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் அப்படி ஒன்றும் ஒட்டுதல் கிடையாது.

“சாவி எங்க வெச்சிருக்கான்?” என்றாள் ஊசியக்கா, மெல்ல.

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நிலைமையைக் கேட்டுக்கொண்டாள். கையைத் துடைத்துவிட்டு, அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்தாள்.

“விலா கிலா எல்லாம் எனக்குப் புரியல அண்ணி. அந்த அரக்குக் கலரை எனக்கு முதல் நாள்லேர்ந்தே பிடிக்கல. கழட்டிட்டுப் போங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் குடுத்தேன்னு மட்டும் தெரியக் கூடாது. ஒரு மாசத்துக்கு மனுஷன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு” என்றாள்.

மாடியிறங்கிக் கீழே காரைத் திறந்ததும் புளித்த ஏப்பமாதிரி ஒரு காற்று வந்தது. முன்பக்கப் பலகையில், ஏர்பேக் வெடித்து வரும் மூடிக்கு நேர் மேலே, சின்னதாக இரண்டு பாத அச்சு. பிள்ளை காலைத் தூக்கி அங்கேதான் வைத்துக்கொள்கிறது. பை கிளம்பினால் முழங்கால் மூஞ்சிக்கு வரும் என்று பெற்றவனுக்குத் தெரியாதா? பெல்ட் குத்துகிற இடத்தில் வெறும் கொக்கி ஒன்று செருகியிருந்தது. பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தாமல் இருக்க, கடையில் விற்கிற பொய்க் கொக்கி. பெல்ட் தொங்கின இடத்திலேயே தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கொக்கியைப் பிடுங்கினாள். அதில் பிசுபிசுவென்று என்னவோ ஒட்டியிருந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சாக்கில் எறிந்தாள்.

அவள் தையல் அவளுக்கே வழி விடவில்லை. தையல் பிரிக்கிற ஊசி இரண்டு தரம் வழுக்கிக் கட்டைவிரலில் இறங்கியது. தோல் கத்தியை எடுத்து, பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கிழித்தாள். ஒரு மாத உழைப்பு பன்றி வயிறு மாதிரிப் பிளந்துகொண்டது. உள்ளே, மடக்கி அமுக்கிய துணிப் பட்டை, பிறந்த நாளிலிருந்து வெளிச்சம் படாததுபோல் வெளிறி ஒட்டிக்கிடந்தது. அதை நிமிர்த்தி விட்டாள். திரும்பப் போட்டுவிடக் கூடாதென்று நாலு சீட்டு உறையையும் துண்டு துண்டாக்கிச் சாக்கில் திணித்தாள்.

மேலே வந்தபோது தம்பி எழுந்து ஜன்னலில் நின்றிருந்தான். பார்த்துவிட்டான்.

“உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? யாரோ எவளோ இடிபட்டதுக்கு என் வண்டிய நாசம் பண்ணுவியா?”

“உன் மக உக்கார்ற சீட்டுடா அது. பெல்ட்டுக்குப் பொய்க் கொக்கி போட்டு வெச்சிருக்க. த்தூ, நாய்கூடக் குட்டிய ஓரமாத்தான் போடும்.”

“வண்டி கத்துது, தலைவலிக்குது. முன்னாடி பெரிய ஏர்பேக் இருக்கில்ல, அது பாத்துக்கும்.”

“பெல்ட்டு ஆளைப் பிடிச்சு வெச்சாதான் அது தாங்கும். இல்லேன்னா பிள்ளை போய் அது மேல விழும், அது வர்ற வேகத்துல அறையும். அவளைப் பின்னாடி உக்கார வை. பெல்ட்டப் போட்டு விடு.”

“எனக்குப் பாடம் எடுக்காத. முதல்ல இதச் சொல்லு.” அவன் நடுக்கூடத்தில் வந்து நின்றான். மோவாயில் அந்தக் குழம்பு இன்னும் இருந்தது. “சாவி அலமாரிக்குள்ள இருந்துச்சு. உனக்கு எப்படித் தெரியும்? யாரு எடுத்துக் குடுத்தா?”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பிள்ளை கதவிடுக்கில் நின்று அத்தையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தது.

“கேக்குறேன்ல? இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்கணும்னா சொல்லிட்டுப் போ. யாரு குடுத்தா?”

ஊசியக்கா சாவியை மேஜைமேல் வைத்தாள். கட்டைவிரல் ரத்தத்தைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு, செருப்பைக் காலால் துழாவி மாட்டி, வெளியே போனாள்.