நான் ஓட்டாத கார்

கல்ஃபில் டிரைவர் வேலை என்றால் வண்டி ஓட்டுவது பாதி, "சரி சார்" சொல்வது மீதி. இந்த மீதியில்தான் என் லைசென்ஸ் போனது. என்னைப் போலத் தலையை ஆட்டிவிட்டு, அப்புறம் அதே தலையில் அடித்துக்கொண்டவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

ஒரு டீ

துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஆட்களை சைட்டுக்கு ஏற்றிப்போகும் வேனை ஓட்டினேன். ஹெல்பராக வந்த என்னை அந்த சீட்டில் உட்கார வைத்தவர் சைட் இன்ஜினியர் ரகுராமன் சார். சென்னைக்காரர், நல்ல மனிதர். அவர் ஊருக்கு லீவில் போயிருந்த சமயம் அவருடைய சொந்தக் காரின் இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. திரும்பி வந்தவர் அதைக் கவனிக்காமல் குடும்பத்தோடு கராமாவுக்குச் சாப்பிடப் போக, ரோட்டுக் கேமரா பிடித்துவிட்டது.

அபராதத்தைக் கட்டிவிட்டார். பிளாக் பாயிண்ட்தான் தொல்லை. அது ஓட்டியவர் லைசென்ஸில் ஏறும், நிறைந்தால் லைசென்ஸ் சஸ்பெண்ட். சாருடையது ஏற்கெனவே நிறையும் நிலையில் இருந்தது. பெரியவர்களின் பாயிண்டை டிரைவர்கள் தங்கள் பேரில் வாங்கிக்கொள்வது எங்களிடையே ஒரு வழக்கம். சார் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ஓட்டினது நீதான்னு போட்டுக்கலாமா? நமக்குள்ள என்ன?"

பின் சீட்டு

"சரி சார்" என்றேன். சைட்டுக்கு நேரமாகிறது என்று பறந்து பறந்து நானே சேர்த்துவைத்த பாயிண்டுகள் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. இரண்டும் சேர்ந்ததில் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனது. வேன் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டோடு மறுபடி ஹெல்பராகப் பின்னால் ஏறினேன். வெட்கமாக இருந்தது.

கொத்தனார் மாரிமுத்து நகர்ந்து இடம் கொடுத்தார். சைட்டின் மண்ரோட்டில் வேன் இறங்கியதும் என் தலை மேலே போய் இடித்தது. அவர் சிரிக்காமல் சொன்னார்: "நாங்க தினம் கத்துனது ஏன்னு இப்பத் தெரியுதாண்ணே?"

வீடியோ கால்

வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் சீட்டிலிருந்துதான் மகளுக்கு வீடியோ கால் போடுவேன். பள்ளி லீவுக்கு அம்மாவோடு விசிட் விசாவில் வரும்போது என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து துபாய் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. நானும் வாக்குக் கொடுத்திருந்தேன். லைசென்ஸ் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் பின் சீட்டிலிருந்து பேசினேன். பிள்ளைகளுக்குக் கண் கூர்மை. "அப்பா, ஸ்டியரிங் எங்க? காட்டுங்க" என்றாள்.

வகுப்பறை

லைசென்ஸ் திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். என் பக்கத்தில் ஒரு மலையாளி, முதலாளி மகன் வேகமாக ஓட்டியதைத் தன் பேரில் வாங்கியவர். அதற்கடுத்து ஒரு பெஷாவர்காரர், அவர் விஷயத்தில் ஓட்டியது மேனேஜரின் மச்சான். பாடம் எடுத்த பாகிஸ்தான்காரர் ஒவ்வொருவரையும் என்ன தப்பு செய்தீர்கள் என்று இந்தியில் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அச்சா பாய், நீங்க யாருமே ஓட்டல. அப்ப கார் எல்லாம் தானாவே போச்சா?"

கையில் லைசென்ஸ்

சில மாதங்கள் கழித்து லைசென்ஸ் திரும்ப வந்தது. ஓடிப்போய் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசரிடம் நீட்டினேன். கம்பெனி வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் கொடுப்பவர்கள், லைசென்ஸ் ஒருமுறை சஸ்பெண்ட் ஆனவர்களை பாலிசியில் டிரைவராகச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் கையை விரித்தார். "லைசென்ஸ் ஹை, இன்சூரன்ஸ் மாஃபி. கலாஸ்." லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் இல்லை, கதை முடிந்தது என்று அர்த்தம்.

லீவுக்கு மகள் வந்தாள். மெட்ரோவில் முதல் பெட்டியில் ஏறி, முன் கண்ணாடி வழியாக துபாயைக் காட்டினேன். அந்த ரயிலுக்கு டிரைவரே கிடையாது. அவள் அதைக் கண்டுபிடித்தாள், ஆனால் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

மறுநாள் சைட்டில் ரகுராமன் சார் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் கை போட்டார். அவர் மனதில் கள்ளம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வருத்தம். "லைசென்ஸ்தான் வந்துடுச்சே, அப்புறம் என்னப்பா?" என்றார்.

ஒருமுறைகூட உட்காராத காரை ஓட்டியதற்காக வேலையை இழந்த ஒரே டிரைவர் நான்தான் என்று நினைத்திருந்தேன், அந்த வகுப்பறையில் உட்கார்ந்த பிறகு அந்தப் பெருமையும் மிஞ்சவில்லை.