இரண்டாம் டிவிஷனில் விசில் ஊதியவன்

விசில் ஊதுகிறவனுக்கு எதிர் டீம் இரண்டு. சொந்த டீம் கிடையாது. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரை புட்பால் லீக்கை இரண்டாகப் பிரித்தார்கள். பூட்ஸ் போட்டவர்கள் முதல் டிவிஷன், வெறுங்கால்காரர்கள் இரண்டாவது. நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. கையில் கடிகாரம் கட்டியிருந்த ஒரே குற்றத்துக்காக, சாயங்காலங்களில் இரண்டாம் டிவிஷன் ரெபரி ஆனேன்.

ஆற்றில் வந்த தடங்கல்

மைதானமெல்லாம் முதல் டிவிஷனுக்கு. எங்களுக்கு வைகை மணல். ஒருநாள் சிம்மக்கல் டீமை எதிர்த்துத் திருமங்கலம் ஒரு கோல் முன்னால் இருந்தபோது, மேற்கே தண்ணீர் வருகிறது என்று கத்தினார்கள். நான் விசிலை வாயில் வைப்பதற்குள் இரண்டு டீமும் பந்தை விட்டுவிட்டுத் தண்ணீர் பார்க்க ஓடிவிட்டன. கோல் கம்புகள் மிதந்து போயின. ஆட்டம் செல்லாது, முதலிலிருந்து ஆட வேண்டும் என்று திருமங்கலம் கேப்டனிடம் பயந்துகொண்டே சொன்னேன். பஸ் டிரைவரான அவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சிரித்தார்.

"கோலு அடுத்த வாரமும் போட்டுக்கலாம் சார். இந்தத் தண்ணி அடுத்த வாரம் இருக்குமா?"

மச்சினன் கை

வில்லாபுரம் டீமில் என் மனைவியின் தம்பி தங்கராசு ஆடினான். சிம்மக்கல்லோடு நடந்த ஆட்டத்தில், கோலுக்குப் போன பந்தைக் கையால் தட்டினான். பெனால்டி கொடுத்தேன், வில்லாபுரம் தோற்றது. வீட்டுக்குப் போனால் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றவில்லை. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று ஆரம்பித்தேன்.

"அம்புட்டுப் பேரு கை இருக்கையில, என் தம்பி கைதான் ஒங்க கண்ணுல பட்டுச்சா?"

தோற்கப் பார்த்த ஆட்டம்

முதலில் வருகிற டீம் அடுத்த வருஷம் முதல் டிவிஷனுக்குப் போயாக வேண்டும். அங்கே பூட்ஸ் கட்டாயம். சிம்மக்கல் கேப்டன் காதர் பாய் வெல்ல வியாபாரி. ஒரு ஜோடி இரவல் வாங்கி ஆட்களுக்கு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒருவனுக்கும் பந்து நேரே போகவில்லை. மேலே போனால் மானம் போகும் என்று முடிவு கட்டிவிட்டார். கடைசி ஆட்டம் வில்லாபுரத்தோடு, ஜெயிக்கிறவர்கள் மேலே. அவர்களுக்கும் அதே பயம்.

பந்து நடுவிலேயே உருண்டது. நான் காசு வாங்கிவிட்டேன் என்று ஜனங்கள் என்மேல் மணலை வாரி இறைத்தார்கள். கடைசி நிமிஷத்தில் தங்கராசு தன் கோலுக்கே பந்தைத் தள்ளிவிட்டான். அது கம்பில் பட்டுத் திரும்பி, சிம்மக்கல் இப்ராஹிமின் காலடியில் நின்றது. தறி நெய்கிற இளைஞன் அவன். எதிரே காலி கோல். வேண்டாம் என்று பாய் தலையை ஆட்டினார். இப்ராஹிம் அதைப் பார்த்தான், ஒரு விநாடி நின்றான், அடித்துவிட்டான். பாய் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்ராஹிம் அவரிடம் போய்த் தலைகுனிந்து நின்றான்.

"மனசு கேட்டுக்கிருச்சு பாய். காலுதான் கேக்கல."

மேலே போய் வந்தவர்கள்

பயந்தபடியே ஆயிற்று. பூட்ஸோடு ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்று, மறு வருஷம் சிம்மக்கல் எங்களிடமே திரும்பி வந்தது. ஆறுதல் சொல்லலாம் என்று பாயின் கடைக்குப் போனேன். அவர் என்னை உட்காரவைத்து, எனக்கே ஆறுதல் சொன்னார்.

"மேலயும் போயிப் பாத்துட்டேன் சார். அங்கயும் ரெபரியத்தான் திட்டுறாக."

ஏழு வருஷம் ஊதியதில், என்னால் ஜெயித்ததாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை, என்னால் தோற்றதாகச் சொல்லாதவரும் ஒருவர் இல்லை.