கோரஸில் ஒரு குரல்

ஹெட்போன் கம்பெனியில் அவளுக்குப் பாட்டுக் கேட்பதுதான் வேலை. ஒவ்வொரு ஹெட்போனையும் காதில் மாட்டி, எப்போதும் அதே மூன்று பாட்டுகளைப் போட்டு, டிரம்ஸ் பாட்டில் அதிர்வையும் வயலினில் துல்லியத்தையும் மெல்லிசையில் குரலையும் கவனித்து மதிப்பெண் போடுவாள். அந்த மெல்லிசைப் பாட்டின் கோரஸில் அவளுடைய அண்ணன் பாடியிருந்தான். நல்ல ஹெட்போனில் மட்டும் அவன் குரல் தனியாகப் பிரிந்து கேட்கும்.

அண்ணன் இறந்து பதினேழு நாள் கழித்து வேலைக்கு வந்தாள்.

"வேற பாட்டு வச்சுக்கலாமேம்மா," என்றார் மேலாளர்.

"இதுக்குத்தான் சார் காது பழகியிருக்கு."

மாட்டிக்கொண்டாள். அண்ணன் தெளிவாகப் பாடினான். அழுகை வரும் என்று பாட்டு முடியும்வரை காத்திருந்தாள், வரவில்லை. தாளில் எட்டு என்று எழுதினாள். வலது பக்கம் லேசாக இரைந்ததை நினைத்து, அதை ஏழாகத் திருத்தினாள். பிறகு அடுத்த பெட்டியைப் பிரித்தாள்.