ஜெசிந்தாவின் தனியுரிமைக் கொள்கை

கொட்டிவாக்கத்து ஜெசிந்தா இருபது வருடமாக மீன் விற்றது பாதி கூடையால், பாதி வாயால். மந்தைவெளியில் அவள் வாடிக்கையாகப் போகும் அடுக்குமாடியில், இரண்டாம் மாடி ஆஷா நெத்திலி போதும் என்பாள். மேல் வீட்டில் வஞ்சிரம் ரெண்டு கிலோ எடுத்தார்கள் என்று ஜெசிந்தா சும்மா சொல்லிவைப்பாள். அதற்கப்புறம் ஆஷாவுக்கு நெத்திலி பிடிக்காது. தொழில் இப்படித்தான் ஓடியது.

போன வருடம் பாதி வீடுகள் போனிலேயே மீன் வாங்க ஆரம்பித்துவிட்டன. இருக்கிற வீடுகளாவது கைவிட்டுப் போகக் கூடாது என்று, மந்தைவெளி ரயில் நிலையத்துப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் வலியுல்லாவிடம் போனாள். அவர் அவளுக்கு ஓர் இணையதளம் செய்து, கார்டில் பணம் கட்டும் வசதிக்கும் விண்ணப்பித்தார். பான் கார்டு, பாஸ்புக், உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் போயின. கடையின் படம் கேட்டார்கள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக் கொடுத்தாள்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. பொருளைத் திருப்பித் தரும் விதிமுறை இல்லையாம். செவுள் சிவப்பாக இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பிக் கொடுக்கலாம், குழம்பில் போட்ட பிறகு பேச்சு கிடையாது என்று ஜெசிந்தா சொல்லச் சொல்ல, வலியுல்லா அப்படியே அடித்தார். அது ஒப்புதலாகிவிட்டது. வாடிக்கையாளர் தகவலைக் காப்பது பற்றிய பக்கத்தில்தான் வந்தது வினை.

"யார் இன்னா வாங்குனாங்கன்னு யாராண்டயும் சொல்லக் கூடாதுக்கா. சட்டம். எழுதிப் போட்டாத்தான் பணம் கட்ட வழி திறப்பாங்க."

"சொல்லாம எப்டி பாய் விக்கிறது?"

வலியுல்லா விண்ணப்பத்தை மேலும் கீழும் தேடினார். இந்தக் கேள்விக்கு அதில் இடம் இல்லை.

நம்மில் எத்தனை பேர் இந்த மாதிரிப் பக்கங்களைப் படித்திருக்கிறோம்? படிக்காமலே சம்மதம் என்று அழுத்திவிட்டுப் போகிற ஜாதி நாம். ஜெசிந்தா அப்படியில்லை. தன் பெயரைப் போட்டு எழுதிவிட்டால் அதன்படி நிற்பாள். மேல் வீட்டில் என்ன எடுத்தார்கள் என்று ஆஷா தானே கேட்டும், சொல்லக் கூடாதும்மா, சட்டம் என்றாள். ஆஷா நிம்மதியாக அரைக் கிலோ நெத்திலி வாங்கிக் கதவைச் சாத்தினாள். ஜெசிந்தாவுக்கு நாக்கு அரித்தது. இரண்டு வாரத்தில் வியாபாரம் பாதியாகிவிட, அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள்.

அந்தச் சனிக்கிழமை இணையதளத்தில் ஓர் ஆர்டர் வந்தது. நாலாம் மாடி எஸ்தர், காரப்பொடி மீன் அரைக் கிலோ, கூடையிலேயே விலை குறைந்தது. எட்டு மாதமாக வாங்காதவள். அவள் பெரிய கடைக்கு மாறிவிட்டாள் என்று கட்டடம் முழுக்கச் சொல்லியிருந்ததும் ஜெசிந்தாதான்.

எஸ்தர் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"உங்க வெப்சைட்டுல எழுதியிருக்கே, யாருக்கும் சொல்ல மாட்டோம்னு. அது நெஜந்தானாக்கா?"

அப்புறம்தான் விஷயம் வந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் கணவனுக்கு வேலை போயிருந்தது. முதல் தடவையாக வஞ்சிரத்தை விட்டுவிட்டுக் காரப்பொடி எடுத்தாள். ஜெசிந்தா கீழே இறங்குவதற்குள் மூன்று வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எஸ்தர் ரயிலேறிச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தாவுக்கு வெட்கமாக இருந்தது. நெஜந்தாம்மா என்றாள். மீனை நிறுத்துப் போட்டுவிட்டு மெதுவாக இறங்கினாள்.

இரண்டாம் மாடியில் ஆஷா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். கூடை நாலாம் மாடி வரைக்கும் போனதே, எஸ்தர் மறுபடி வாங்குகிறாளா, என்ன எடுத்தாள் என்று கேட்டாள். ஜெசிந்தா கூடையை இறக்கிவைத்து, சொல்ல முடியாது என்றாள்.

"இன்னும் அந்தச் சட்டமா?" என்று ஆஷா சிரித்தாள்.

"சட்டமெல்லாம் இல்லம்மா," என்றாள் ஜெசிந்தா. "நான்தான் சொல்ல மாட்டேன்."