கறித்தூள் அம்றாவுடையது, நம்பர் றம்ஸியுடையது

பக்கத்து வீட்டு றம்ஸியைப் பார்த்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் தங்கை அம்றா வறுத்து இடிக்கும் கறித்தூளுக்கு மாத்தளையில் நிகர் கிடையாது. அதைவிட, அவளுக்கு விற்கத் தெரியும்.

பேஸ்புக்கில் விற்க ஒரு கொப்பியில் திட்டம் போட்டாள். நோன்புக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பெண்கள் இரவுச் சமையலை யோசிக்கும் நேரத்தில் வீடியோ. ஒருநாள் தமிழில், மறுநாள் சிங்களத்தில். காசு கட்டிப் போடும் விளம்பரம் கண்டிக்கும் குருணாகலுக்கும் மட்டும். கொழும்புக்காரருக்கு ஆயிரம் கடை இருக்கிறது என்பாள். யார் எதைக் கேட்டாலும் பத்து நிமிடத்துக்குள் பதில். மூன்றே மாதத்தில் பதினோராயிரம் பேர் சேர்ந்தார்கள்.

ஒரே ஓர் இடத்தில் சறுக்கினாள். பக்கத்தைத் திறந்தது றம்ஸியின் கணக்கில். ஓர்டருக்குப் போட்டதும் அவன் நம்பர்தான்.

"பொம்பளப் புள்ளட நம்பர ஊருக்கெல்லாம் குடுக்கலாமா?" என்று கேட்டான். எங்கள் வீடுகளில் அந்தக் கேள்விக்கு எவள் எதிர்த்துப் பேசியிருக்கிறாள்? நானும்தான் அன்று தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

பெருநாள் முடிந்த வாரம் பக்கத்தின் பெயர் 'றம்ஸி ஸ்பைசஸ்' என்று மாறியிருந்தது. மேலே கறுப்புக் கண்ணாடியோடு அவன் படம். அவள் பாடுபட்டுப் பிடித்த வாடிக்கையாளர் அத்தனை பேரும் ஒரே நாளில் அவன் கைக்குப் போய்விட்டார்கள். ஒருநாளாவது மிளகாய் வறுத்துத் தும்மியிருப்பானா அந்த மனுஷன்?

அதுவும் போதாமல், மறுநாள் இரண்டு மூட்டை மல்லியைக் கொண்டுவந்து குசினியில், அவள் அடுப்படியில் போட்டான்.

"அறுபது ஓர்டர் இருக்கு. வெள்ளிக்கு முந்தி வறுத்துத் தா."

"பேஜ் இப்ப யார்ட, நானா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"யார்டயா இருந்தா என்ன? எல்லாம் நம்ம குடும்பத்துக்குத்தானே."

"அப்ப குடும்பத்துக்காக நீங்களே வறுங்க."

மூட்டைகளை வாசலுக்கு இழுத்துத் தள்ளினாள். அன்று பின்னேரமே புதுப் பக்கம் திறந்தாள், தன் கணக்கில். சேர்ந்தவர்கள் இன்னும் ஒருவருமில்லை. முதல் வீடியோவிலேயே அவள் பெயரும் அவளுடைய சொந்த நம்பரும் கொட்டை எழுத்தில் இருந்தன.

அவள் உம்மா அதைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினார்.

"கண்டவனெல்லாம் போன்ல கோல் எடுப்பான் மகள்!"

"எடுக்கட்டும் உம்மா. எடுக்கத்தானே போட்டிருக்கேன்."